சோளகத்துக்கு ஓர் ஊர், வாடைக்கு ஓர் ஊர்

ரொறன்ரோவில் இருக்கும் சித்தியின் மகள் போன மாதம் அழைத்தாள். "அண்ணா, அடுத்த முறை பிள்ளையளோட ஊருக்கு வாறம். அம்மாவும் வருவா. கற்பிட்டியில நாலு நாள் நிக்கலாமெண்டு யோசிக்கிறம். ஆலங்குடாவில ஒரு இடம் பாத்தன், கண்டக்குழியில ஒண்டு பாத்தன். ரெண்டில எது நல்லம்?"

"எந்த மாசம் வாறியள்?" என்று கேட்டேன்.

"அது இன்னும் முடிவாகேல்ல. முதல்ல இடத்தைச் சொல்லுங்கோ."

வேலையாகப் புத்தளத்துக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட எனக்கு இந்தக் கேள்வி பழகிப்போன ஒன்று. கொழும்பிலிருந்து கேட்கிறார்கள், யாழ்ப்பாணத்திலிருந்து கேட்கிறார்கள், இலண்டனிலிருந்தும் சென்னையிலிருந்தும் கேட்கிறார்கள். எல்லாரும் இடத்தை முதலில் வைத்துக்கொண்டு மாதத்தைப் பிறகு பார்க்கலாம் என்கிறார்கள். இந்தக் கரையில் அந்த வரிசை செல்லாது. மாதம் தெரியாமல் இடம் சொன்னால், சொன்னவனும் கெட்டான், போனவனும் கெட்டான்.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். கொழும்பிலிருந்து ஏ3 வீதியில் வடக்கே வந்தால், புத்தளம் நகருக்குச் சற்று முன் பாலாவி. அங்கே இடப்பக்கம் திரும்பும் வீதி கற்பிட்டிக் குடாநாட்டுக்குள் போகிறது. விரல் நீட்டியதுபோல வடக்கு நோக்கிக் கிடக்கும் மணல் நிலம் அது. மேற்கே திறந்த கடல். கிழக்கே ஏறத்தாழ 327 சதுர கிலோமீற்றர் பரந்த புத்தளம் களப்பு. வழியில் மாம்புரி, நுரைச்சோலை, ஆலங்குடா வருகின்றன. பிறகு தலவில, அதற்கும் அப்பால் கண்டக்குழி, கடைசியில் கற்பிட்டி நகரம். ஆலங்குடாவுக்கும் கண்டக்குழிக்கும் இடையே சுமார் இருபது கிலோமீற்றர்தான். ஆனால் விடுதிகளின் விளம்பரம் எல்லாவற்றிலும் "கற்பிட்டி" என்ற ஒரே பெயர்தான் இருக்கும். வெளியூர்க்காரர் ஏமாறும் முதல் இடம் இது. ஒரே பெயருக்குள் இரண்டு வேறு விடுமுறைகள் ஒளிந்திருக்கின்றன.

ஆலங்குடா கடல் பக்கத்து ஊர். நீண்ட, அகலமான மணற்கரை, அதற்குப் பின்னால் தென்னை, மரத்தாலும் ஓலையாலும் கட்டிய பெரிய பெரிய குடில்கள். கண்டக்குழியிலும் அதை ஒட்டிய குடாவையிலும் கடல் மட்டும் காரியமில்லை. கடலையும் உள்ளே தேங்கிய ஆழமில்லாத நீரையும் பிரிக்கும் மணல் திட்டுத்தான் அந்த ஊர்களின் செல்வம். அதை நம்பித்தான் கைட் சர்ஃபிங் பள்ளிகள் அங்கே வரிசையாக வந்தன. பட்டத்தைப் போன்ற ஒரு பெரிய துணியைக் காற்றில் ஏற்றி, இடுப்பில் பிணைத்து, காலடியில் பலகையை மாட்டிக்கொண்டு நீர்மேல் ஓடுகிற விளையாட்டு அது. கண்டக்குழிக்குத் தெற்கே கப்பலடியிலும் ஒரு சிறு நீர்ப்பரப்பு உண்டு. தமிழ்ப் பெயரைச் சரியாக உச்சரிக்கத் தெரியாத ஐரோப்பிய இளைஞர்கள்கூட "கப்பலாடி, கப்பலாடி" என்று அதைத் தேடிப் போகிறார்கள்.

இனிக் காற்று. நம் மீனவர்களுக்கு ஆண்டு என்பது பன்னிரண்டு மாதமில்லை. சோளகம், வாடை, நடுவில் இரண்டு மாறும் காலம், அவ்வளவுதான். மே மாதம் தொடங்கி செப்டெம்பர் முடியும் வரை தென்மேற்கிலிருந்து சோளகம் அடிக்கும். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டிலும் கொழும்பிலும் மழையைக் கொட்டினாலும், உலர் வலயமான புத்தளத்துக்குப் பெரும்பாலும் காற்றை மட்டும்தான் தருகிறது. குன்று இல்லை, காடும் குறைவு, காற்றைத் தடுக்க எதுவுமே இல்லாத தட்டையான மணல். பகலில் நிலம் சூடேறும்போது கடற்காற்றும் அதோடு சேர்ந்துகொள்ள, பிற்பகலில் மணிக்கு 20 கடல்மைல் வேகத்தைத் தொடுவது சாதாரணம். நாள் விட்டு நாள் அல்ல, வாரக்கணக்கில் விடாமல் அடிக்கும். கைட் விளையாடுகிறவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. அதே காற்று திறந்த கடலில் ஆள் உயர அலையை எழுப்புகிறது. கண்டக்குழியில் அலை மணல் திட்டில் மோதி நின்றுவிடும்; காற்று மட்டும் திட்டைத் தாண்டி உள்ளே வரும். ஆகவே பலத்த காற்றும் கண்ணாடி போன்ற நீரும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. நீரும் பல இடங்களில் இடுப்பளவுதான். விழுந்தால் எழுந்து நிற்கலாம். முதன்முதலாகக் கற்றுக்கொள்கிறவனுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதை, அலைக்குள் விழுந்து எழும்பத் தவிப்பவனைப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

அதே மே முதல் செப்டெம்பர் வரை ஆலங்குடாக் கரையில் நின்று பாருங்கள். கடல் பழுப்பு நிறத்தில் கொதிக்கும். மணல் முகத்தில் ஊசியாய்க் குத்தும். குளிக்கப் பயம்; படகும் இறக்க மாட்டார்கள். அறைக்குள் இருந்து கடலின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டு புத்தகம் படிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு மட்டும் அந்தக் காலம் நன்றாக இருக்கும். அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு நான் ஆலங்குடாவைத் தயங்காமல் சொல்வேன்.

நவம்பர் பிறந்து வாடை தொடங்கியதும் எல்லாம் தலைகீழ். வடகிழக்கிலிருந்து வரும் காற்று நாட்டின் குறுக்கே நிலத்தைக் கடந்து வருவதால் மேற்குக் கரையில் கடல் அடங்கிப் போகும். டிசம்பரிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை காலை வேளையில் ஆலங்குடாக் கடல் எண்ணெய் தடவியதுபோல் இருக்கும். அப்போதுதான் டொல்பின்கள். பழைய கடலோடிகள் ஓங்கில் என்பார்கள். இங்கே அதிகம் காணப்படுவது உடலைச் சுழற்றிக்கொண்டு துள்ளும் இனம். கூட்டம் என்றால் பத்து இருபது இல்லை, நூற்றுக்கணக்கில், சில நாட்களில் ஆயிரத்துக்கும் மேல். குடாநாட்டின் மேற்கே கண்டத்திட்டு கரைக்குக் கிட்டவே முடிந்து ஆழம் திடீரென்று இறங்குவதால், ஆழ்கடல் உயிர்கள் இங்கே படகுக்கு எட்டுகிற தூரத்தில் வருகின்றன. மார்ச், ஏப்ரலில் அதிர்ஷ்டம் இருந்தால் அந்த ஆழத்தின் விளிம்பில் எண்ணெய்த் திமிங்கிலங்களும் தென்படும்.

ஆக, வாடைக்கு ஆலங்குடா, சோளகத்துக்குக் கண்டக்குழி. மறந்தாலும் இதை மட்டும் மறக்கக்கூடாது. இந்த நாட்டில் அலைச்சறுக்குக்காரர்கள் இந்தக் கணக்கை எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டார்கள்: சோளகத்தில் கிழக்கே அறுகம்பை, வாடையில் தெற்கே ஹிக்கடுவ. பருவம் மாறினால் முழு நாட்டையும் கடந்து போகிறார்கள். புத்தளத்தில் அந்த மாற்றம் ஒரே குடாநாட்டுக்குள், முச்சக்கரவண்டி ஓடும் தூரத்துக்குள் நடந்துவிடுகிறது. ஆல்ப்ஸ் மலையில் மட்டர்ஹோர்ன் சிகரத்தின் ஒரு பக்கம் சுவிற்சர்லாந்தின் செர்மாட், மறுபக்கம் இத்தாலியின் செர்வினியா. அங்கே பனிச்சறுக்குக்குப் போகிறவர்கள் சரிவு எந்தத் திசை பார்க்கிறது, பனி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பார்த்துத்தான் அறை எடுக்கிறார்கள். பனியைப் பற்றி அவ்வளவு கேட்கிறவர்கள் காற்றைப் பற்றி நம்மிடம் ஏன் கேட்பதில்லை என்பது எனக்கு விளங்காத விஷயம். நம்மவர்களே கேட்பதில்லை.

நானும் ஒருமுறை கேட்காமல் போனவன்தான். பல வருடங்களுக்கு முன், ஓகஸ்ட் மாதம், கொழும்பிலிருந்து வந்த உறவினர்களை டொல்பின் காட்டக் கூட்டிப்போனேன். ஒரு படகு ஏற்பாட்டாளர் முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார். "காலமில்லை" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. விடியற்காலை கடலில் இறங்கிய படகு முதல் அலை வரிசையிலேயே எழும்பி விழுந்தது. பெரியம்மா கையெடுத்துக் கும்பிட்டபடி உட்கார்ந்திருந்தார். சின்னவன் வாந்தி எடுத்தான். பதினைந்து நிமிடத்தில் திரும்பிவிட்டோம். பணம் திரும்பவில்லை. பணம் போனது பெரிதில்லை. அந்தக் குழந்தை பிறகு பல வருடங்கள் கடலுக்குக் கிட்டவே போகவில்லை. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

காற்றை மீற முடியாது என்பதற்கு நுரைச்சோலையைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். ஆலங்குடாவுக்குத் தெற்கே, நரக்கள்ளிக் கரையில், நாட்டின் ஒரே நிலக்கரி மின்நிலையமான லக்விஜய நிற்கிறது. முந்நூறு மெகாவாட் வீதம் மூன்று அலகுகள், மொத்தம் 900 மெகாவாட். முதல் அலகு 2011இல் இயங்கத் தொடங்கியது, மற்ற இரண்டும் 2014இல். நிலக்கரிக் கப்பல்கள் ஆழ்கடலில் நிற்க, தட்டைப் படகுகளில் நிலக்கரியை இறக்கிக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். சோளகம் அடிக்கும் மாதங்களில் அது முடியாத காரியம். ஆகவே ஆண்டு முழுவதற்கும் வேண்டிய நிலக்கரியை ஒக்டோபருக்கும் ஏப்ரலுக்கும் இடையில் இறக்கிக் குவித்துவிடுகிறார்கள். ஒரு நாட்டின் மின்சாரமே வாடைக்காகக் காத்திருக்கிறது. நாம் நாலு நாள் விடுமுறைக்குக் காத்திருந்தால் என்ன குறைந்துவிடும்?

நுரைச்சோலையைச் சொன்ன பிறகு அதன் நிழலையும் சொல்ல வேண்டும். ஆலங்குடாக் கரையில் தெற்கே பார்த்தால் புகைபோக்கி தெரியும். சாம்பல், நிலக்கரித் தூள் பற்றிச் சுற்றுவட்டாரக் கிராமத்தவர்கள் ஆண்டுக்கணக்காக முறையிட்டு வருகிறார்கள். சோளகம் தூளைக் கடலிலிருந்து ஊர்ப் பக்கமாகத் தள்ளுகிறது. சுற்றுலாக்காரருக்கு அது கண்ணுக்கு ஒரு உறுத்தல். அந்த வீடுகளில் இருப்பவர்களுக்கு அது மூச்சு. புகைபோக்கியைப் பார்க்கவே கூடாது என்பவர்கள் கண்டக்குழிக்குப் போகட்டும். நான் அதற்காக ஆலங்குடாவைத் தள்ளிவிட மாட்டேன். வாடை மாதங்களில் காற்று அங்கே நிலத்திலிருந்து கடலுக்குப் போகிறது என்பதும் ஒரு காரணம்.

அதே காற்றில் வேறொரு மின்சாரமும் பிறக்கிறது. 2010இலிருந்து மாம்புரி தொடக்கம் களப்புக் கரை வரை காற்றாலைகள் எழும்பியிருக்கின்றன. அவற்றின் அடியில் வெங்காயம், மிளகாய், பீட்ரூட் தோட்டங்கள். தோட்டத்துக்குப் பக்கத்தில் நிழல் தேடும் கழுதைகள். வெளிநாட்டார் படம் எடுக்கிற இந்தக் காட்சியில் ஒரு கவலை மறைந்திருக்கிறது. குடாநாட்டில் ஆறு இல்லை. மழைநீர் மணலுக்குள் இறங்கி, உப்புநீரின் மேல் மெல்லிய ஆடைபோல மிதக்கிறது. ஆழமில்லாத கிணறுகள் அந்த ஆடையைத்தான் இறைக்கின்றன. தோட்டங்களுக்குத் தூவல் நீர்ப்பாசனம் நாள் முழுக்க ஓடுகிறது. போடுகிற உரம் மணல் வழியே நேராகத் தண்ணீருக்குள் போகிறது. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த, லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்ற வரம்பைத் தாண்டிய கிணறுகள் இங்கே உண்டு. கைக்குழந்தையோடு வருகிறவர்கள் எந்த ஊரில் தங்கினாலும் குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும்; பால்மா கரைக்கக் கிணற்றுத் தண்ணீரை நம்பக்கூடாது. நீச்சல் குளம் உள்ள விடுதியா, இல்லாத விடுதியா என்று எனக்குத் தெரிவு வந்தால் இல்லாததைத்தான் எடுப்பேன். முன்னால் ஒரு சமுத்திரம், பின்னால் ஒரு களப்பு. நடுவில் எட்டடித் தண்ணீர் தேக்கி வைப்பதற்காக வெங்காயக்காரனின் கிணறு உப்பாக வேண்டாம்.

கடலுக்கு அடியில் இருப்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். குடாநாட்டுக்கு மேற்கே, நம் மீனவர்கள் பார் என்று சொல்லும் கடலடிப் பாறைத்தொடரில், 1992இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பார் ரீஃப் இருக்கிறது. பரப்பு 300 சதுர கிலோமீற்றருக்கு மேல். அங்கே 156 வகை முருகைக்கற்களும் 283 வகை மீன்களும் பதிவாகியிருக்கின்றன. ஆலங்குடாவிலிருந்தும் கண்டக்குழியிலிருந்தும் படகில் போகலாம். வாடை மாதங்களில் மட்டும். ஆனால் பழைய படங்களைப் பார்த்து வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: 1998இல் கடல் சூடேறியபோது ஆழம் குறைந்த இடங்களிலிருந்த முருகைக்கல் வெளுத்துப் பெருமளவு செத்துப்போனது. மெல்ல மீண்டு வந்ததை 2016இன் சூடு மறுபடி அடித்தது. அங்கே இன்று இறங்குவது, காயம் ஆறிக்கொண்டிருக்கும் ஒருவரைப் பார்க்கப் போவது மாதிரி. காலால் மிதிக்காமல், கையால் ஒடிக்காமல், நங்கூரத்தைப் பாறைமேல் போடாத படகுக்காரரோடு போங்கள்.

டொல்பின் படகுக்கும் இதேதான். கடற் பாலூட்டிகளைப் பார்ப்பதற்கு 2012இல் அரசு ஒழுங்குவிதிகள் போட்டது. ஆனால் பத்துப் படகுகள் ஒரே கூட்டத்தைத் துரத்திச் சுற்றி வளைக்கும் காட்சியை இன்றும் காணலாம். "கிட்டப் போங்க, இன்னும் கிட்ட" என்று ஓட்டுபவரை நெருக்குவது பெரும்பாலும் பயணிகள்தான். விலகி நிற்கிற படகுக்காரருக்கு முடிவில் ஐந்நூறு ரூபா கூடக் கொடுத்தால் அவர் நாளைக்கும் விலகி நிற்பார். களப்புக்குள் வேறு சொந்தக்காரர்களும் இருக்கிறார்கள்: கூனல் முதுகு டொல்பின்களும், எப்போதாவது கண்ணில் படும் கடற்பசுவும். ஆவுளியா என்று மன்னார்ப் பக்கத்தார் சொல்லும் அந்தக் கடற்பசு புற்படுக்கையை மேய்ந்து வாழ்வது. கைட் விளையாடுகிறவர்களும் மோட்டார் படகுக்காரர்களும் அந்தப் புல்லுக்கு மேலேதான் ஓடுகிறார்கள்.

இடத்தைத் தெரிவு செய்யும்போது அதிகமாக மறந்துபோவது அங்கே ஏற்கெனவே இருக்கும் மனிதர்களைத்தான். ஆலங்குடாவில் வாடை மாதங்களே கரைவலைக் காலமும். காலையில் தோணி வலையைச் சுற்றி இறக்கிவிட்டு வர, இரண்டு பக்கக் கயிற்றையும் ஆட்கள் இழுப்பார்கள்; அண்மைக் காலத்தில் பல இடங்களில் உழவு இயந்திரத்தைக் கட்டியும் இழுத்திருக்கிறார்கள். கயிறு ஓடும் கரைக்கு ஒரு நீளம் வேண்டும். விடுதி வேலி போட்டு, நாற்காலி பரப்பி, "இது எங்கள் கடற்கரை" என்றால் அந்தக் கயிறு எங்கே ஓடும்? மீனவர் நடந்து போகக் கரையைத் திறந்து வைத்திருக்கிற விடுதியைத் தேடிப் பிடியுங்கள். கண்டக்குழியிலும் கேள்வி அதேதான். களப்பில் வலை விரித்திருக்கும் மூலை எது, படகு இறங்கும் வழி எது என்று தன் மாணவர்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பள்ளிதான் நல்ல பள்ளி. சான்றிதழ் சுவரில் தொங்குவதைவிட அது பெரிய அடையாளம்.

2009இல் போர் முடிந்த கையோடு, கற்பிட்டியைச் சுற்றியுள்ள 14 தீவுகளைச் சேர்த்துப் பெரிய சுற்றுலாவலயம் அமைக்கும் அரசுத் திட்டம் வேகமெடுத்தது. ஆடம்பர விடுதிகள், விமானத் தளம் என்று வரைபடங்கள் வந்தன. உச்சமுனையிலும் பத்தலங்குண்டுவிலும் இப்பந்தீவிலும் வாடி அமைத்து, கருவாடு காயவைத்து, தலைமுறையாகத் தொழில் செய்தவர்கள் தங்கள் நிலத்துக்கும் கரைக்கும் என்ன ஆகும் என்று வீதிக்கு வந்தார்கள். வரைபடத்திலிருந்த விடுதிகளில் பெரும்பாலானவை எழும்பவில்லை. எழும்பியதெல்லாம் ஆலங்குடாவிலும் கண்டக்குழியிலும் சிறிது சிறிதாக, உள்ளூர்க்காரரும் கொழும்புக்காரரும் வெளிநாட்டாரும் கட்டியவை. அந்தச் சிறுமைதான் இன்றுவரை இந்தக் கரையைக் காப்பாற்றியிருக்கிறது என்பது என் நம்பிக்கை. பிறகு 2019இன் உயிர்த்த ஞாயிறுக் குண்டுகள், பெருந்தொற்று, 2022இன் எரிபொருள் வரிசை. விருந்தினர் வராத அந்த மாதங்களில் முதலில் பசித்தவர்கள் சமையற்காரரும் படகோட்டியும் முச்சக்கரவண்டிக்காரரும்தான்.

இன்னொரு சோகமும் இந்த மணலில் இருக்கிறது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து ஒரே அடியாக வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பெரும்பகுதியினர் வந்து சேர்ந்தது புத்தளத்துக்கு. ஆலங்குடாவில் ஓலைக்கொட்டில் முகாம்கள் வருடக்கணக்காக நின்றன. புத்தளத்து மக்கள் தங்கள் கிணற்றையும் பள்ளிக்கூடத்தையும் நிலத்தையும் பகிர்ந்துகொண்டார்கள். அந்த நெருக்கடியின் தழும்பு இரு பக்கமும் இன்னும் இருக்கிறது. ஆலங்குடாவில் ஒரு சாப்பாட்டுக்கடையில் உட்கார்ந்தால், இறால் ஆனத்தை ஊற்றிக்கொண்டே "நாங்க மன்னார்" என்றோ "நாங்க யாழ்ப்பாணம், சோனகதெரு" என்றோ சொல்லும் ஒரு நானாவைச் சந்திக்கலாம். யாழ்ப்பாணத்திலிருந்து விடுமுறைக்கு வருகிற நம்மவர்கள் அங்கே இருந்து நாலு வார்த்தை கேட்பது, டொல்பின் பார்ப்பதைவிட முக்கியம் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது ஊர் ஒன்றும் போட்டிக்கு வந்திருக்கிறது: மன்னார். வில்பத்துக் காட்டுக்கு அப்பால் இருக்கும் அடுத்த கரை. காற்று இன்னும் பலமாக அடிக்கும். அதனால்தான் மின்சார சபை 103.5 மெகாவாட் தம்பபவனி காற்றாலைப் பண்ணையை 2020இல் அங்கே திறந்தது. தலைமன்னார்ப் பக்கம் கைட் விளையாடும் மணற்திட்டுகள் மனித நடமாட்டமே இல்லாதவை. ஏற்கெனவே நன்றாகக் கற்றுத் தேர்ந்தவன், கூட்டம் பிடிக்காதவன் அங்கே போகலாம். தொடக்கநிலைக்காரருக்கும் குடும்பத்துக்கும் கண்டக்குழியே போதும். வாடையில் மன்னாருக்குப் போக வேறு காரணம் இருக்கிறது: வங்காலைச் சதுப்பில் இறங்கும் பூநாரைகள். அதை இன்னொரு பயணமாக வையுங்கள். இதோடு சேர்த்து அள்ளிக் கட்டினால் இரண்டும் கெடும்.

கடலைத் தவிர வேறு எதற்காவது வருகிறவர்களுக்கு இரண்டு ஊரும் ஒன்றுதான், இரண்டிலிருந்தும் எல்லாம் கிட்ட. கற்பிட்டியின் ஒல்லாந்தர் கோட்டை 1667இல் தொடங்கி 1676இல் கட்டி முடிந்தது. இப்போது கடற்படையின் வசம், அனுமதியோடு உள்ளே போகலாம். தலவில புனித அன்னம்மாள் கோவிலின் திருவிழா மார்ச்சிலும் ஓகஸ்டிலும். ஓகஸ்ட் விழாவுக்குச் சனம் கடல்போலத் திரளும். அந்த வாரத்தில் பாலாவி வீதியில் வாகனம் ஊர்ந்துதான் போகும். விழாவுக்காகவே வருகிறவர்கள் தவிர மற்றவர்கள் அந்த நாட்களைத் தவிருங்கள். கற்பிட்டி நகரில் நடக்கும்போது சைமன் காசிச்செட்டியையும் ஒரு கணம் நினைக்கலாம். 1807இல் அங்கே பிறந்தவர். இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் அகரவரிசையில் தேடித் தொகுத்து 1834இல் ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டவர்; பின்னாளில் தமிழ்ப் புலவர் வரலாற்றையும் எழுதினார். ஊரைப் பற்றி வெளியூரானுக்குச் சரியாகச் சொல்ல வேண்டும் என்ற பொறுப்பு இந்தக் கரைக்குப் புதிதில்லை.

இரண்டு ஊரையும் ஒரே பயணத்தில் அனுபவிக்க முடியாதா என்று கேட்பார்கள். மார்ச் கடைசியும் ஏப்ரல் தொடக்கமும் ஓரளவுக்கு அந்த இடைவெளி. காலையில் கடல் அமைதி, பிற்பகலில் கொஞ்சம் காற்று. கைட்டுக்கு மெலிவான காற்று. புதிதாகத் தொடங்குகிற கனம் குறைந்தவர்களுக்கு அதுவே நல்லது. வெயில் மட்டும் கடுமை. ஒக்டோபரை நான் யாருக்கும் சொல்வதில்லை. சோளகம் போய், வாடை வராத நடுவில் எந்த நாளும் எதற்கும் உத்தரவாதமில்லை, இடியோடு மழையும் சேர்ந்துகொள்ளும்.

தங்கச்சி இரண்டு வாரம் கழித்து மறுபடி அழைத்தாள். பிள்ளைகளின் பள்ளியில் விடுப்புக் கேட்டு, பெப்ரவரி என்று முடிவாகிவிட்டதாம். சித்திக்கு முழங்கால் வலி, மணலில் அதிக தூரம் நடக்க மாட்டார். மருமகன் கைட் பழக வேண்டும் என்று நிற்கிறான்.

ஆலங்குடாவில் மூன்று இரவு எடுக்கச் சொன்னேன். கரைக்குக் கிட்ட, படியில்லாத அறை. படகுக்கு விடியற்காலை ஆறு மணிக்கே போய்விட வேண்டும், பத்து மணிக்கு மேல் வெயிலும் அலையும். சித்தி படகில் ஏற வேண்டாம், கரைவலை இழுப்பதைப் பார்த்துக்கொண்டு நாற்காலியில் இருக்கட்டும். கடைசி நாள் எல்லாரும் தலவிலக் கோவிலுக்குப் போய்விட்டு, கண்டக்குழியில் ஒரு இரவு. பெப்ரவரிக் காற்று சோளகத்தைவிட மெலிவு, இருப்பதும் ஒரு நாள்தான். அந்தப் பொடியன் பலகையில் ஓட மாட்டான், துணியைக் காற்றில் பிடித்து நிற்கப் பழகுவான். அது போதும். உண்மையாகவே பழக ஆசை இருந்தால் ஒரு ஜூலையில் அவனைத் தனியாக அனுப்பட்டும், என் வீட்டில் தங்கலாம்.

"தண்ணிப் போத்தல் எத்தனை வாங்க வேணும்?" என்று கேட்டாள்.

"கொழும்பிலிருந்து தூக்கிக்கொண்டு வராதேங்கோ. இஞ்ச வாங்குவம். பாலாவியில இடப்பக்கம் திரும்ப முன்னம் ஒரு கோல் எடு. உப்பளத்தடியில நிக்கிறன்."